முட்டை வண்டிக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

உக்காருங்க தம்பி, நிக்காதீங்க. உள்ள இருக்கறவங்களுக்கு முடிய இன்னும் நேரமாகும். சிஸ்டரு உங்ககிட்டச் சொன்னது என்ற காதுலயும் உழுந்துச்சு. படுத்திருக்கறவங்க எந்திரிச்சு மிசினு காலியானாத்தான் நீங்க அதுல கை வெக்க முடியுமாமா. அந்த ஓரத்து மிசினுதானுங்களே? சும்மா சும்மா கூவுதே, அது? நெனச்சேன். உங்க டூல்ஸ் பையப் பாத்ததுமே, அட நம்மாளு ஒருத்தரு வந்துட்டாருன்னு மனசுக்கு ஒரு தெம்பாப் போச்சு. நானும் தொழில்காரனுங்க. கணபதி ஏரியாவுல மோட்டாரு ரீவைண்டிங் பட்டறை வெச்சிருந்தேன். சென்னியப்பன் பட்டறைன்னா சுத்துவட்டாரத்து வெவசாயிக முச்சூடும் எங்கிட்டத்தான் வருவாங்க. காயில் எரிஞ்ச மோட்டாரை மோந்து பாத்தே கோளாறைச் சொல்லிப்போடுவேன். இப்ப மூடியாச்சுங்க.

உள்ள மூணாவது கட்டில்ல படுத்திருக்கறது என்ற சம்சாரம். வசந்தாமணி. கிட்னி போயிருச்சுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை இங்க கூட்டிட்டு வந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன். உங்களை நான் ஒண்ணு கேக்கோணும் தம்பி. மிசினைப் பத்தித்தான். டாக்டருகிட்டக் கேட்டேன், சிரிச்சுப்போட்டாரு. மொட்டையாக் கேட்டா நீங்களும் சிரிப்பீங்க. மொதல்ல இருந்து சொல்றேன். சித்தெ கேளுங்க. அப்பத்தான் நாயம் புரியும்.

எங்கிட்ட ஒரு வண்டி இருக்குதுங்க. காருக்குப் பின்னால கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற ஊடு. சினிமாக்காரங்க கேரவன்னு சொல்றாங்களே, அதுக்கெல்லாம் இது தாத்தன். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல தொரை குடும்பம் உட்டுட்டுப் போனது. மேல அலுமினியத் தகடு, உள்ள பிளைவுட்டு, முன்னாலயும் பின்னாலயும் வளைஞ்சு முட்டையாட்டம் இருக்கும். எங்க வீதிப் பசங்களுக்கு அது முட்டை வண்டி. நான் போயிப் பாத்தப்ப அதுல கோழி அடைச்சிருந்தாங்க. முழங்கால் ஒசரத்துக்குக் கோழிப்பீ. ஆனா அதுக்கு அடியில பாத்தீங்கன்னா, ரெண்டு பேரு படுக்கற கட்டிலு, மடக்கற மேசை, கை கழுவற தொட்டி, ஐஸ்கட்டி வெக்கறதுக்குன்னு உள்பக்கம் தகரம் அடிச்ச ஒரு அலமாரி. தொரைக்குப் பீரு வெக்க. பாத்த நிமிசமே முடிவு பண்ணிட்டேன். வசந்தாமணிக்கு இதுதான்னு.

ஏன்னா அவளுக்கு ஒரே ஒரு ஆசைங்க. எங்கியாச்சும் போயி ஒரு ராத்திரி தங்கோணும். கேட்டா உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல நாங்க ஒரு எடத்துல தங்கினதே இல்லீங்க. கல்யாணங்காச்சின்னா தாலி கட்டற நேரத்துக்குப் போறது, பந்தியில உக்கார்றது, பஸ் ஏறுறது. பட்டறையில பார்ட்டி காத்திட்டிருப்பான். மோட்டாரு ஓடலீன்னா பயிரு காஞ்சிருமில்ல? அவ தங்கச்சி கனகா மைசூர்ல இருக்கறா. புது ஊடு கட்டிப் பால் காய்ச்சறப்பவும் அப்புடித்தான், பால் பொங்கறதைப் பாத்தோம், கெளம்பிட்டோம். அன்னைக்கு பஸ்ல வரும்போது வசந்தாமணி கேட்டா, "ஏனுங்க, ஒரு ராத்திரி இருந்துட்டு வந்தா என்னங்க? அவகூட நான் படுத்துத் தூங்கி எத்தனை வருசமாச்சு?" நான் சொன்னேன், "பட்டறைய மூடுனதும் உன்னை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறேன் பாரு." சொன்ன சொல்லைக் காப்பாத்தற வம்சமுங்க நாங்க.

அதுக்குத்தான் வண்டி. மைசூர் என்ன மைசூர், காசி வரைக்கும் போலாம். எந்த ஊர்ல நின்னாலும் நம்ம ஊட்டுலயே தங்கலாம். சொந்தக்காரங்கன்னு ஒறம்பரை ஊட்டுக்குப் போயி அடுத்தவன் பாய்ல படுக்க வேண்டாம்.

என்ன சிஸ்டரம்மிணி? உள்ள வசந்தாமணி என்னைக் கூப்புடறாளா? சரி கண்ணு. இந்தா வந்துட்டன்னு சொல்லு.

ஒண்ணுமிருக்காதுங்க. போர்வைய இழுத்து உடச் சொல்லுவா. அதை சிஸ்டரே செய்யும். எங்க உட்டேன்? ஆங், வண்டி.

வண்டியக் கழுவித் தொடைச்சு, பெயின்ட் அடிச்சு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காலியில கொண்டாந்து நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லிக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். அவ சுத்தி வந்து பாத்தா. பாத்துட்டு, "ஏனுங்க, நானு ஊசி போட்டுக்கறவ. மருந்து வெக்க ஃப்ரிட்ஜ் வேணும். ஃப்ரிட்ஜ் இல்லாத எடத்துல நான் எப்புடிங்க தங்கறது?" அப்புடின்னா. அவளுக்குச் சக்கரை இருக்குதுங்க, ரொம்ப வருசமா. இன்சுலினு. எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே தம்பி! இது வரைக்கும் ஒரு சேலை வேணுமுன்னு வாயத் தொறந்து கேட்டவ இல்லீங்க அவ. அவ வாயால ஒரு சாமான் கேட்டுட்டா. ஃப்ரிட்ஜு. மாட்டிறலாம் வசந்தா, அது ஒரு பெரிய காரியமான்னு சொன்னேன்.

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "கனகா ஊட்டுலதான் ஃப்ரிட்ஜ் இருக்குதுங்களே. மருந்தை ஃப்ளாஸ்க்குல ஐஸ் போட்டு எடுத்துட்டு பஸ்ஸுக்குப் போயிரலாமுங்க. எல்லாரும் அப்புடித்தான் போறாங்க." பொம்பளைப் புத்தி பாருங்க. என்ற சகலை ஆறுச்சாமி, கனகாவோட ஊட்டுக்காரன், அவன் ஊட்டு ஃப்ரிட்ஜுல கறியும் மீனும் அடைஞ்சு கெடக்கும். அதுக்கு நடுவுல என்ற சம்சாரத்தோட மருந்து உக்காந்திருக்கறதா? அப்பறம் அவன் ஆயுசு முச்சூடும் சொல்லிக் காட்டுவான். சகலைக்கும் சகலைக்கும் நடுவுல என்ன இருக்குமுன்னு உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகலியா? ஆனாத் தெரியும்.

அளவு எடுக்கறதுல என்னை ஒருத்தன் அடிச்சுக்க முடியாதுங்க. கம்பி ஒரு நூலு தப்புனா மோட்டாரு எரிஞ்சு போகுமில்ல? அந்த ஐஸ் அலமாரியோட நீளம், ஒசரம், ஆழம் எல்லாம் எடுத்துட்டு, டேப்போட கடைகடையா ஏறி எறங்குனேன். ஓட்டல் ரூமுல வெக்கறாங்களே, இடுப்பு ஒசரத்துக்கு, அந்த மாதிரி ஒண்ணு சிக்குச்சு. அலமாரிக்குன்னே செஞ்ச மாதிரி. கொண்டாந்து எறக்குனா, வண்டிக் கதவுல நுழைய மாட்டேங்குது தம்பி. ரெண்டு விரக்கடை இடிக்குது. உள்ள வெக்கற எடத்தை அளந்தேன், உள்ள போற வழியை அளக்க உட்டுட்டேன்.

வசந்தாமணி பொடக்காலிப் படியில உக்காந்து பாத்துட்டே இருந்தா. சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புடி அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடைசி. சிரிச்சு முடிச்சுட்டு, "உட்டுத்தள்ளுங்க. திருப்பிக் குடுத்துட்டு வாங்க, பஸ்ஸுக்குப் போலாம்"ங்கறா. ஆனை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு ரோசனை பண்ணா ஆகுமுங்களா?

ஃப்ரிட்ஜோட கதவைக் கழட்டிப் பாத்தேன். அப்பவும் இடிக்குது. வண்டி சன்னலைப் பேத்துப் பாத்தேன். அகலம் சரி, ஒசரம் பத்தல. கடைசியா என்ன பண்ணுனேன், வண்டியோட பின்பக்கத்துத் தகட்டையே உரிச்சேன். தொரை காலத்துத் திருகாணி, துருப்புடிச்சு எதுவும் திரும்ப மாட்டேங்குது. ஒண்ணொண்ணா டிரில் போட்டு எடுத்தேன். உரிச்சு, ஃப்ரிட்ஜை உள்ள தள்ளி, தகட்டைப் போத்தி, ரிவிட்டு அடிச்சேன். இனி அந்த ஃப்ரிட்ஜு வெளிய வரோணுமுன்னா வண்டியே ரெண்டாப் பிரியோணும். ஆறுச்சாமி போன்ல கேட்டுட்டு நக்கல் அடிக்கறான். "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாமா"ங்கறான். மைசூருக்குக் கூட்டிட்டு வர முடியல, காசிக்குப் போறானாம். எனக்கு வெறி புடிச்சிருச்சுங்க.

அப்பறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு. உங்களுக்குத் தெரியும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால காத்து போகோணும். அலமாரிக்குள்ள அடைச்சு வெச்சா அது தோசைக்கல்லாட்டம் காயுது. பின் தகட்டுல ஓட்டை போட்டேன். ஐப்பசி மழை அந்த ஓட்டையில எறங்கி பிளைவுட்டு ஊதிப் போச்சு. அதை மாத்துனேன். கரண்டுக்கு இன்வெர்ட்டரு வெச்சேன். கம்ப்ரஸரு எடுக்கறப்ப ஒரு இழுப்பு இழுக்குமில்ல, அந்த இழுப்புல இன்வெர்ட்டரு படுத்துக்குது. பெரிய இன்வெர்ட்டரு, ரெண்டு லாரி பேட்டரி. பேட்டரி கனத்துக்கு வண்டி இடது பக்கம் சாயுது. சாஞ்சா ஃப்ரிட்ஜ் கதவு தானாத் தொறந்துக்குது. அதுக்கு ஒரு தாப்பா போட்டேன். அப்பறம் பேட்டரியத் தூக்கி வலது பக்கம், அவ படுக்கற கட்டிலுக்கு அடியில வெச்சேன். கட்டிலு ஒரு சாண் ஒசந்து போச்சு. அவளுக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. ஏறுறதுக்கு ஒரு முக்காலி செஞ்சேன். அவளுக்காக நான் எதைச் செய்யாம உட்டேன், சொல்லுங்க?

அந்த மழைக்காலம் முச்சூடும் நான் வண்டிக்குள்ளதானுங்க. சோறு கூட அங்கதான். தட்டைக் கொண்டாந்து சன்னல்ல வெச்சுட்டு நிப்பா. "ஏனுங்க, காலு வீங்கியிருக்குது பாருங்க"ம்பா. இந்தா வந்துட்டம்பேன். கையில வேலை இருக்குமில்ல? "ஏனுங்க, இன்னைக்கு டாக்டரைப் பாக்கற நாளு"ம்பா. வண்டிய இழுக்கறதுக்கு எங்க ஜீப்புல நான் கொக்கி வெல்டு வெச்சிட்டிருந்தேன், அதை எடுக்க முடியாது. ஆட்டோவுல போயிட்டு வான்னு சொன்னாத் தனியாப் போக மாட்டேங்கறா. "நீங்க ஃபிரீயாகுங்க, போலாம்"ங்கறா. நான் எப்பத்தான் ஃபிரீயாகறது? கல்யாணமான புதுசுல இதை வெச்சுத்தான் என்னைக் கேலி பண்ணுவா. "உங்க வந்துட்டனுக்கும் நீங்க வாரதுக்கும் நடுவுல ஒரு படி அரிசி வெந்துரும்"பா. நாளாக நாளாக அந்தக் கேலியும் நின்னு போச்சு. பக்குவப்பட்டுட்டான்னு நெனச்சேன்.

ஒரு வழியா ஃப்ரிட்ஜு ஓடுச்சுங்க. ஓடுச்சுன்னா, நம்ம தொழில்ல ஒரு மொறை இருக்குதில்ல? லோடு குடுத்து ஓட்டிப் பாக்காம எந்த மோட்டாரையும் நான் பார்ட்டி கையில குடுத்ததில்ல. சும்மா சுத்தறது பெருசில்ல, பாரம் இழுக்கோணும். அது மாதிரி, ஊட்டு ஃப்ரிட்ஜுல இருந்த அவ மருந்து அத்தனையும் எடுத்து வண்டி ஃப்ரிட்ஜுல அடுக்குனேன். குளிரை முழுசா வெச்சேன். பாத்தர்றேன், எத்தனை தாங்குதுன்னு. அட, என்ன குளிருங்கறீங்க! மருந்து பாட்டலு கல்லாட்டம் ஐஸ் புடிச்சுக்கெடக்குது. இங்க பாரு வசந்தா, நம்ம ஊட்டு ஃப்ரிட்ஜுல இப்புடி ஒரு நாளாச்சும் புடிச்சிருக்குதான்னு அவகிட்டக் காட்டுனேன்.

ஊசி நேரமானா நானே போயி எடுத்துட்டு வருவேன். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டி உருட்டி, ஐஸெல்லாம் கரைஞ்சதுக்கு அப்பறந்தான் அவ கையில குடுப்பேன். அத்தனை பதனமாப் பாத்துக்கிட்டேன். ஒரு நாளு அவ வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "என்னமோ நூலு நூலா மெதக்குதுங்களே"ன்னா. அது குளிருக்கு அப்புடித்தான் இருக்கும், போட்டுக்கன்னேன். போட்டுக்கிட்டா. நான் சொன்னா எதுத்துப் பேச மாட்டா.

அப்பறம் சோறு எறங்கலைன்னா. வாந்தின்னா. தண்ணியாக் குடிச்சுத் தள்ளுனா. மழைக்குப் பித்தம் ஏறியிருக்குமுன்னு இஞ்சி தட்டிக் குடிக்கச் சொன்னேன். மைசூர் போறதுக்கு நாளு குறிச்சு, கனகாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு. நான் வண்டிக்குள்ள சன்னல் தெரை மாட்டிட்டிருக்கறேன், பக்கத்து ஊட்டு மரகதம் சத்தம் போடறா. இன்வெர்ட்டரு ஃபேன் ஓடறதுல எனக்குக் காதே கேக்கல. அவ வந்து தகட்டைத் தட்டித் தட்டித்தான் எனக்குக் கேட்டுச்சு. போயிப் பாத்தா, வசந்தாமணி அடுப்பங்கரையில உழுந்து கெடக்கறா. வாயில மூச்சு ஒரு தினுசா வாசனை அடிக்குது.

டாக்டரு என்ன சொல்றாரு? சக்கரை எங்கியோ போயி நிக்குதாமா. கிட்னி ஏற்கெனவே பாதி போயிருக்குதாமா, கால் வீங்கினப்பவே கூட்டிட்டு வந்திருக்கோணுமாமா. மிச்சம் இருந்ததை இந்தச் சக்கரை கொண்டு போயிருச்சாமா. மருந்து ஒழுங்காப் போட்டாங்களான்னு கேட்டாரு. நானே என்ற கையால எடுத்துக் குடுத்தேன்னு சொன்னேன். எங்க வெச்சிருந்தீங்கன்னாரு. சொன்னேன். ஐஸ் புடிச்ச இன்சுலினு செத்துப் போன மருந்துங்கறாரு. வெறுந்தண்ணியத்தான் போட்டிருக்கறாங்கங்கறாரு.

குளிர்ல ஒரு பொருளு கெடுமுங்களா தம்பி? கெடாம இருக்கத்தானுங்க ஃப்ரிட்ஜே கண்டுபுடிச்சாங்க? மீனை ஐஸ்ல போட்டா கெடுதா? நீங்களே சொல்லுங்க.

தலைய ஆட்டறீங்க. கெடுமுங்கறீங்களா? சரி. நீங்களும் ஆஸ்பத்திரி ஆளுதான். சரி, உடுங்க. கெட்டுதுன்னே வெச்சுக்கலாம். கெடுத்த ஃப்ரிட்ஜை நான் அப்புடியேவா உட்டேன்? மறு வாரமே பிரிச்சு தெர்மோஸ்டாட்டை மாத்திட்டனுங்க. அவ இங்க அட்மிட் ஆயி இருக்கறப்பவே போயி மாத்திட்டு வந்தேன். உள்ள ஒரு தெர்மாமீட்டரு தொங்க உட்டிருக்கேன். இப்பத் தங்கமா ஓடுது. ஐஸும் புடிக்காது, சூடும் ஏறாது. அந்தக் குத்தம் முடிஞ்சு போச்சு.

என்னம்மிணி, மறுபடியுமா? இந்தா வந்துட்டன் கண்ணு, ஒரு நிமிசம். தம்பிகிட்ட முக்கியமாப் பேசிட்டிருக்கேன்னு சொல்லு. அவ புரிஞ்சுக்குவா.

உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? என்னால உள்ள போயி உக்கார முடியலீங்க. போனா கையப் புடிச்சுக்கறா. புடிச்ச கைய உட மாட்டேங்கறா. ஏய்யா இப்புடிப் பண்ணுனீங்கன்னு ஒரு சண்டை போட்டாக்கூடத் தேவலைங்க. சும்மா புடிச்சுக்கிட்டு மேல கூரை மோட்டைப் பாக்கறா. அந்தக் கையில ரத்தக் குழாயி, இந்தக் கையில நான். அவ ரத்தம் அந்த மிசினு சக்கரத்துல சுத்திச் சுத்தி வாரதை நான் பாத்துட்டே உக்காந்திருக்கோணும். வெறுங்கையோட உக்காந்திருக்கறது எனக்குப் பழக்கமில்லீங்க. கழட்டறதுக்கு ஒரு திருகாணி இல்ல, முறுக்கறதுக்கு ஒரு கம்பி இல்ல. பயமா இருக்குது தம்பி. இந்த வயசுல ஒரு ஆம்பளை வெக்கத்தை உட்டுச் சொல்றேன், அவ இல்லாத ஊட்டுக்குள்ள நான் எப்புடிங்க போயி நிப்பேன்?

போன வாரம் டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. இருதயமும் வீக்கா இருக்குது, "அம்மா எங்கியாச்சும் போகோணும் வரோணும்னு ஆசைப்பட்டா இப்பவே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க பெரியவரே"ன்னாரு. இப்பவேன்னா என்னங்க அர்த்தம்? வெயில் காலத்துக்கு முன்னாடின்னு அர்த்தமுங்களா? நீங்க ஆஸ்பத்திரியில பழகறவரு, அவங்க பாசை உங்களுக்குத் தெரியும். சரி, சொல்ல வேண்டாம். சொல்லாதீங்க.

கனகா அழுதுட்டே போன் பண்றா. "மாமா, எங்க வீதிக்குப் பின்னாலயே டயாலிசிஸ் இருக்குது. அவரு பேசி வெச்சுட்டாரு. அக்காவைக் கூட்டிட்டு வாங்க, கார் அனுப்பறோம். ஒரு வாரம் எங்கூட இருக்கட்டும்"ங்கறா. ஆறுச்சாமி கார் அனுப்பறானாமா. பாத்தீங்களா? மறுபடியும் அடுத்தவன் ஊடு, அடுத்தவன் காரு, அடுத்தவன் ஊர் மிசினு. வசந்தாமணிகிட்ட இதைச் சொன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. அவளுக்கும் விருப்பமில்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இத்தனை பாடுபட்டு ஒரு ஊட்டையே பொடக்காலியில நிறுத்தியிருக்கறப்ப அடுத்தவன் ஊட்டுல போயிப் படுக்க அவளுக்கு மனசு வருமுங்களா?

இப்பத்தான் நான் கேக்க வந்ததுக்கு வாரேன். சிரிக்கக் கூடாது. தம்பி, அந்த மிசினு எத்தனை அகலமுங்க?

இருங்க, இருங்க. முழுசாக் கேளுங்க. வண்டிக்குள்ள இருந்த மேசையக் கழட்டி எறிஞ்சுட்டேன். அந்த எடத்துல நிக்கும். ஒசரம் பாத்துட்டேன், தெரியுமுங்களா, கதவு சாத்தறப்ப சந்து வழியாப் பாத்தே ஒசரம் கணக்குப் போட்டுட்டேன். கூரைக்கு ஒரு சாண் மிச்சம் இருக்கும். ஆனா அகலந்தான் தெரியல. பழைய மிசினு ஒண்ணு, நீங்க கழிச்சுக்கட்டறது, ரிப்பேரானது, எதுனாலும் சரி. நான் பாத்துக்கறேன். மோட்டாருதானுங்களே? பம்ப்புதானுங்களே? நாப்பது வருசம் பம்ப்போட குடும்பம் நடத்துனவன் நான்.

தண்ணியா? ஆமாங்க, தண்ணி நெறைய வேணுமுன்னு சிஸ்டரு சொல்லுச்சு. மேல டேங்கு வெச்சர்றேன். சுத்தத் தண்ணியா? சரி, அதுக்கு ஒரு பில்டரு. அது ஒரு ரூம் அளவு இருக்குமா? இருக்கட்டுங்க. இன்னொரு வண்டி இழுக்கறேன். ஒரு கொக்கியில ரெண்டு வண்டி. மைசூர் ரோட்டுல திம்பம் மலை வளைவுல திரும்பாதுங்கறீங்களா? பண்ணாரி வழியா வேண்டாம், சுத்தி ஓசூர் வழியாப் போலாம். ஊசி குத்த ஆளா? நான் கத்துக்கறேன். எழவு, ஒரு மனுசன் எதைத்தான் கத்துக்க முடியாது? ஏன் தம்பி அப்புடிப் பாக்கறீங்க? நான் பைத்தியக்காரன் இல்லீங்க. என்ற பொண்டாட்டிய ஒரு ராத்திரி வெளியில தங்க வெக்கோணும். ஒரே ஒரு ராத்திரி. அவ உசுரோட இருக்கறப்ப. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?

உங்களுக்குப் புண்ணியமாப் போகும். உங்க கம்பெனிக்குத் தெரியாமச் செய்ய வேண்டாம். அளவு மட்டும் சொல்லுங்க. அளவு சொல்றதுல ஒண்ணும் தப்பில்லையே?

அம்மிணி, வந்துட்டியா. இந்தா எந்திரிச்சுட்டேன் கண்ணு, இப்ப வந்தே வந்துட்டன்னு… கூப்பிடலியா? அப்பறம் என்ன கண்ணு?

என்ன சொன்னா?

இன்னொருக்காச் சொல்லு.

"அவரு வெளிய வேலையா இருக்கறாரு, அவரைக் கூப்பிட வேண்டாம். நீயே சித்தெ என்ற கையப் புடிச்சுக்கம்மா"ன்னாளா?

அப்புடி அவ யாருகிட்டயும் கேக்க மாட்டாளே, தம்பி. ஒரு வாய் தண்ணி கூட வெளியாளுங்ககிட்டக் கேக்க மாட்டா அவ.

சரி கண்ணு. நீ போ. போயிப் புடிச்சுக்க. இடது கையப் புடி, வலது கையில குழாயி இருக்குது. கெட்டியாப் புடிக்காத, நரம்பு நோகும்பா. நான்… நீ போ சாமி.

தம்பி, எந்திரிக்காதீங்க. அதுக்குள்ள எங்க கெளம்பறீங்க? காலியாயிருச்சா, உங்களைக் கூப்புடறாங்களா? சரி, போங்க. இந்த டேப்பை மட்டும் கையில வெச்சுக்கங்க. என்ற டேப்புதான், நூலு பிசகாது. மூணாவது கட்டிலுக்குப் பக்கத்துல இருக்குதே, அவ மிசினு, அதையே அளந்துருங்க. அகலம் மட்டும் போதும். சத்தமில்லாம அளங்க, அவ கண்ணை மூடியிருப்பா. யாரு அளக்கச் சொன்னாங்கன்னு கேட்டா என்ற பேரைச் சொல்ல வேண்டாம்.

நான் இங்கயே உக்காந்திருக்கறேன்.